பழைய இயந்திரமும் களத்துச் சொற்களும்



இலக்கிய உரையிலே அறுவடை இயந்திரத்துக்கு என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். பள்ளுப் பிரபந்தங்களைப் படித்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். நெல்லின் வகை, மாட்டின் வகை, ஏரின் வகை என்று அடுக்கிச் சொல்வது பள்ளின் மரபு. முக்கூடற்பள்ளு அப்படித்தான் செய்தது. ஈழத்திலே கதிரைமலைப்பள்ளும் பறாளை விநாயகர் பள்ளும் அந்த மரபைச் சேர்ந்தவை. வயலிலிருந்து மறைந்துபோன பல நெல்லினங்களின் பெயர்கள் இன்று நமக்குத் தெரிவது அந்தப் புலவர்கள் எழுதிவைத்ததனால்தான். பயன்பாட்டிலிருந்து நீங்கிய பொருளைப் பேணுவது பற்றிய பேச்சு ஆதலால், இது இலக்கியத்துக்கும் உரிய பேச்சே.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சிலருக்கு ஒரு விசித்திரமான ஈடுபாடு உண்டு. பண்ணைகளின் மூலையிலே, மரங்களுக்கடியிலே, துருப்பிடித்துக் கிடக்கும் பழைய அறுவடை இயந்திரங்களைத் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். வீட்டுக்கு இழுத்துவந்து, ஆண்டுக்கணக்காகப் பாடுபட்டு, மறுபடியும் ஓடவைக்கிறார்கள். அவற்றுள் இழுவை வகை என்று ஒன்று உண்டு. தானாக ஓடாது, முன்னே ஒன்று இழுக்கவேண்டும்.

அதன் வரலாறு சுவையானது. கதிரை வெட்டுவது, அடிப்பது, தூற்றுவது ஆகிய மூன்று வேலைகளையும் ஒரே இயந்திரம் செய்யவேண்டும் என்று முயன்றவர்களுள் முன்னோடி, மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஹைரம் மூர். அவரும் அவரது கூட்டாளியும் 1836இல் காப்புரிமை பெற்றார்கள். குதிரைகள் இழுத்த இயந்திரம் அது. பின்னாளில் கலிபோர்னியாவின் பெரிய கோதுமை வயல்களில் இருபதுக்கு மேற்பட்ட குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் ஒன்றாகப் பூட்டி இழுத்தார்கள். அதன்பின் குதிரையின் இடத்துக்கு உழவு இயந்திரம் வந்தது. 1930களின் நடுப்பகுதியிலே அலிஸ் சால்மர்ஸ் நிறுவனம் 'ஓல் கிறொப்' என்ற சிறிய இழுவை இயந்திரத்தை விற்பனைக்கு விட்டது. ஐந்தடி அகலத்துக்கு வெட்டும். பின்னால் வரும் இந்த இயந்திரத்துக்கு வேண்டிய விசையையும் உழவு இயந்திரமே ஒரு தண்டின் வழியாகக் கொடுத்தது. சிறு விவசாயியும் வாங்கக்கூடியதாக இருந்ததால் அது பரவலாக விற்பனையாயிற்று. 1938இல் மாசி ஹரிஸ் நிறுவனம் தானே ஓடும் இயந்திரத்தைக் கொண்டுவந்தபின், இழுவை வகை மெல்ல மெல்ல மரநிழலுக்கு ஒதுங்கியது.

இப்படிக் கிடப்பதை வாங்குவது சுலபம். பழைய இரும்பு விலைக்கே கொடுத்துவிடுவார்கள். வீடு கொண்டுவந்து சேர்ப்பதுதான் பெரும்பாடு. சில்லுகளின் றப்பர் வெடித்திருக்கும். அச்சிலே கிறீஸ் வற்றி இறுகியிருக்கும். உள்ளே எலியும் குளவியும் குடியிருக்கும். வெட்டும் பகுதி ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருப்பதால் ஒடுங்கிய வீதியிலும் பாலத்திலும் நுழையாது. அதைக் கழற்றித் தனியாக ஏற்றவேண்டும். அல்லது, அச்சுக்கு எண்ணெய் போட்டு, நடை வேகத்தில், ஊர் முழுவதும் பார்த்து நிற்க இழுத்துவரவேண்டும். குருமண்வெளித் துறையிலே இப்படியொன்றைப் பாதையில் ஏற்றி மண்டூர்க் கரையில் இறக்குவதைக் கற்பனை செய்து பாருங்கள்! பாதைக்காரர் என்ன சொல்வார் என்பதை நேயர்களின் ஊகத்துக்கே விடுகிறேன்.

திருத்துவதிலே அவர்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. எதையும் அவசரப்பட்டுக் கழற்றமாட்டார்கள். எந்தப் பட்டி எந்தச் சில்லைச் சுற்றிப் போகிறது என்று முதலிலே படம் வரைந்துகொள்வார்கள். கிழிந்த கன்வஸ் துணியையும் எறியமாட்டார்கள்; புதியதை வெட்டுவதற்கு அதுதான் அளவு. பெயின்ட் பூசுவது கடைசி வேலை. ஓடவைத்தபின் ஆண்டுக்கொருமுறை உண்மையான வயலிலே, ஊர் மக்கள் முன்னிலையில் அறுவடை செய்துகாட்டுவார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவைப்பதில் அவர்களுக்கு அவ்வளவு விருப்பமில்லை.

இனி நமது படுவான்கரைக்கு வருவோம். பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து பழுகாமம் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். அந்த இழுவை இயந்திரம் இந்த வயலுக்கு ஏற்றதல்ல. வரம்பு கட்டிய சிறு துண்டுகளிலே, சேற்றிலே, இழுப்பதும் இழுபடுவதுமாக இரண்டு வாகனங்கள் திரும்ப இடமேது? நமக்கு வாய்த்த கதை வேறு. உப்பட்டி கட்டிச் சூடு வைத்தார்கள். களவெட்டியிலே எருமைகளைப் பிணைத்து மிதிக்கவிட்டார்கள். வைக்கோலைக் கிளறிப் புரட்ட வேலைக்காரன் கம்பு. உயரத்தில் நின்று தூற்ற அவுரி. பிறகு எருமையின் இடத்தில் நான்கு சில்லு உழவு இயந்திரம் சூட்டைச் சுற்றி வட்டமிட்டது. அதன்பின் சூடடிக்கும் இயந்திரம் வந்தது. கடந்த இருபது ஆண்டுகளுக்குள், சங்கிலிச் சில்லிலே ஓடும் வெட்டு இயந்திரம் வயலுக்குள்ளேயே எல்லாவற்றையும் முடித்துவிடுகிறது. களவெட்டியே தேவையில்லாமற் போய்விட்டது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இரவிரவாகச் சூடு மிதித்தவர்களின் காலையும் கண்ணையும் கேட்டால் இயந்திரத்தை வாழ்த்துவார்கள். மழை வருமுன் நெல் வீடு வந்து சேர்கிறது. ஆனால் மறுபக்கமும் உண்டு. அறுவடைக் கூலியை நம்பியிருந்த குடும்பங்கள், பெண்கள் உட்பட, அந்த வருமானத்தை இழந்தன. மாட்டுக்கு வேண்டிய வைக்கோற் சூடும் அருகிவிட்டது. வைக்கோல் வயலெங்கும் சிதறிக் கிடக்கிறது.

இவற்றோடு சொற்களும் போகின்றன. களவெட்டிக்கென்று நம்மவரிடம் தனியொரு பேச்சு இருந்தது. பூதங்கள் நெல்லைக் கவர்ந்துவிடும் என்ற அச்சத்தினால், அன்றாடச் சொற்களை ஒதுக்கி, களத்துக்குரிய சொற்களையே அங்கே பேசினார்கள். நெற்குவியலுக்குப் பெயர் பொலி. சிங்கள விவசாயிகளிடமும் 'கமத்' என்னும் களத்துக்கு இப்படித் தனிமொழி உண்டு. 1964இல் வெளிவந்த வீ. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' இந்தப் பிரதேசத்தின் வாழ்வைப் பதிவுசெய்த நூல். அந்நூல் வெளிவந்தபோது களவெட்டியில் எருமைகள் இருந்தன. இன்று வேலைக்காரன் கம்பு என்றால் நமது பிள்ளைகள் ஏதோ காவற்காரரின் தடி என்று நினைப்பார்கள்.

மேல்நாட்டார் இரும்பை இழுத்துவந்து காப்பாற்றுகிறார்கள். நாம் இழுத்துவர வேண்டியது எது? பழைய உழவு இயந்திரங்களும் சூடடிக்கும் இயந்திரங்களும் பழைய இரும்புக்குப் போகுமுன் ஊருக்கு ஒன்றையாவது நிறுத்திவைக்கலாம். அவுரி ஒன்றைத் தச்சரிடம் சொல்லிச் செய்விக்கலாம். அதற்கும் முன்னதாகச் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. எருமை பிணைத்த கைகள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. அவர்கள் எழுபதையும் எண்பதையும் கடந்தவர்கள். எந்தக் கயிறு எந்த மாட்டுக்கு, எந்தச் சொல் எந்த வேளைக்கு என்பதை அவர்கள் வாயாலே கேட்டு ஒலிப்பதிவு செய்யவேண்டும். பட்டி போகும் வழியைக் கழற்றுமுன் வரைந்துகொள்ளும் அந்த ஒழுங்கு நமக்கும் வேண்டும்.

பாடசாலைகளின் உயர்வகுப்பு மாணவர்கள் ஒரு மாரி அறுவடைக் காலத்திலே இந்த வேலையைத் தொடங்கலாம். ஆளுக்கொரு முதியவர், ஆளுக்கொரு கொப்பி. பள்ளு பாடிய புலவர்களும் உழவர்களிடம் கேட்டுத்தானே பாடியிருப்பார்கள்? இரும்பு இன்னும் சில காலம் மழையிற் கிடக்கும். முதியவர்கள் அப்படிக் காத்திருக்கமாட்டார்கள்.