புளியமரமும் சர்க்கஸும்

(ஆண்டு விழாவில் இடம்பெறும் சிறுவர் சர்க்கஸை முன்னிட்டுக் கூடிய பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம்பள்ளி நுமாயிஷ் பொருட்காட்சியில் மரணக் கிணற்றைக் கண்டு திரும்பிய நம் காலனிச் சிறுவர்கள், "ஆண்டு விழாவில் நாங்களும் சர்க்கஸ் செய்வோம்" என்று பிடிவாதம் பிடித்தனர். அப்பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தீர்கள். அதில் நான் இழைத்த பிழையையும், பின்னர்க் கண்ட வழியையும் கூறவே இங்கு நிற்கின்றேன்.

மூன்றடுக்கு மனிதக் கோபுரம் அமைத்தால் அரங்கம் அதிரும் என்று எண்ணினேன். ஒத்திகையில் உச்சிக்கு ஏற வேண்டிய சிறுமி, "பயமாக இருக்கிறது, மாமா" என்றாள். "ஒன்றும் ஆகாது, ஏறு" என்று அதட்டினேன். ஏறினாள், இறங்க இயலாமல் நடுங்கினாள். நால்வர் சேர்ந்து தாங்கி இறக்கினோம். அடிபடவில்லை. ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. யாருடைய கைதட்டலுக்காக அக்குழந்தையை ஏற்றினேன்?

சர்க்கஸ் உலகமும் இக்கேள்வியை எதிர்கொண்டதுண்டு. 1901-இல் தலச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் சர்க்கஸ் பயிற்சிக்கூடம் நிறுவிய நாள்தொட்டு அக்கலை இந்நாட்டில் ஓங்கி வளர்ந்தது. அப்புகழின் நிழலில் வாயில்லா விலங்குகளும் சிறுவர்களும் துன்புற்றனர். கரடி, குரங்கு, சிங்கம், புலி முதலியவற்றை வித்தை காட்டப் பழக்குவதை 1998-இல் மத்திய அரசு தடை செய்தது. சிறுவர்களைச் சர்க்கஸில் அமர்த்தலாகாது என 2011-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

ஆபத்தைக் குறைத்தால் சுவை குன்றுமோ எனலாம். குன்றாது. 1948-இல் எஸ். எஸ். வாசன் அளித்த 'சந்திரலேகா'வை நினைவுகூருங்கள். அதில் சர்க்கஸ் யானைகள் வெறும் வேடிக்கை காட்டவில்லை. குகையில் அடைபட்ட நாயகனை விடுவிக்கப் பாறையை அகற்றுகின்றன. வித்தைக்குக் கதையில் ஒரு வேலை இருந்தால், காண்போர் நெஞ்சம் தானே பதறும்.

நமக்கு அத்தகைய கதை இவ்வூரிலேயே கிடைத்தது. 1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு பெருக்கெடுத்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அவ்வெள்ளத்தில், அப்சல்கஞ்ச் மருத்துவமனைத் தோட்டத்துப் புளியமரம் ஒன்று தன்மேல் ஏறிய சுமார் 150 பேரைக் காத்தது. அதுவே நம் சர்க்கஸின் கதை.

நீலத் துணிகளை இருபுறமும் பிடித்து அசைத்தால் அது மூசி. தரையில் கிடத்திய கயிற்றின்மேல் தள்ளாடி நடப்போர் பாலம் கடப்போர். கரணம் அடிப்போர் வெள்ளம் உருட்டிச் செல்வோர். கோபுரமே புளியமரம், இரண்டே அடுக்கு. வலிய பிள்ளைகள் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிக் கீழே நிற்பர். மேலேறுவோர் அவர்தம் நடுமுதுகை மிதியாது, தோளிலும் இடுப்பிலும் மட்டுமே பாரத்தை வைக்க வேண்டும். இறங்கும்போது மேலிருப்போர் முதலில் இறங்க வேண்டும். மெத்தை விரிக்காமல் ஒத்திகை இல்லை. பக்கத்திற்கு ஒரு பெரியவர் காவல் நிற்க வேண்டும். குழந்தை "வேண்டாம்" என்றால் அதுவே முடிவு.

அச்சிறுமியிடம் நேற்று மன்னிப்புக் கேட்டேன். இப்பொழுது அவள் மரத்தடியில் நின்று, வெள்ளத்தில் கடைசியாக வருபவனுக்குக் கைகொடுத்து மரத்தில் சேர்ப்பாள். நிகழ்ச்சியின் உச்சம் அதுதான். "கைகொடுப்பதற்கு எனக்குப் பயமில்லை, மாமா" என்றாள்.

பெற்றோர்களே! வீட்டிலுள்ள பழைய நீலப் புடவைகளையும் மெத்தைகளையும் அனுப்பி உதவுங்கள். காவல் நிற்க நீங்களும் வாருங்கள்.