வேன் ஏ.சி.யை வீட்டு பிளக்ல ஓட்டலாமா?

லாரி பாடி கட்டுற தொழில் நாமக்கல்லுக்குப் புதுசு இல்ல. டேங்கர், ட்ரெய்லர்னு கட்டுன கைகள் இப்ப படுக்கை, சமையல் மேடை, கூரை ஏ.சி.யோட கேரவன் வேனும் கட்டுது. பக்கத்துல திருச்செங்கோட்டுல ரிக் வண்டி வச்சிருக்கிறவங்க மாசக்கணக்கா வெளியூர்ல தங்குறாங்க. அவங்களுக்கும் தூங்குறதுக்கு ஒரு வண்டி தேவைப்படுது. அதனால நேயர்கள் அதிகமா கேக்குற கேள்வி இதுதான்: "வண்டியைச் சொந்தக்காரங்க வீட்டு வாசல்ல நிறுத்திட்டு, அங்க இருக்கிற பிளக்ல சொருகி ராத்திரி பூரா ஏ.சி. போடலாமா?"

போடலாம். ஆனா சில விஷயங்களைப் பாத்துட்டுத்தான் போடணும்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுறேன். யூடியூப்ல அமெரிக்க வீடியோ பாத்துட்டு, "வேன் ஏ.சி.க்கு 30 ஆம்ப்ஸ் லைன் வேணுமாமே, நம்ம வீட்டுல 15 தானே இருக்கு"ன்னு கேக்குறாங்க. அங்க வீட்டு மின்சாரம் 120 வோல்ட். நம்மூர்ல 230. வோல்ட் கிட்டத்தட்ட ரெண்டு மடங்குன்னா, அதே வேலைக்கு ஆம்ப்ஸ் பாதி போதும். ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல இருக்கிற கூரை ஏ.சி. தோராயமா 1,500 வாட் இழுக்கும். அங்க அது 12, 13 ஆம்ப்ஸ். இங்க 7 ஆம்ப்ஸ்க்குள்ள முடிஞ்சிடும். நம்ம 15 ஆம்ப்ஸ் பவர் பாயிண்டுக்கு அது பெரிய சுமை இல்ல. அதே சமயம், அந்த ஊர் ஏ.சி.யை வாங்கி நேரா இங்க மாட்டிடாதீங்க. அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்க்குச் செஞ்சது. டிரான்ஸ்பார்மர் வச்சா வோல்ட் குறையும், ஹெர்ட்ஸ் மாறாது.

அப்ப சிக்கல் எங்கன்னா, கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகுற நேரத்துலதான். சாதாரண கம்ப்ரசர் ஓடும்போது 7 ஆம்ப்ஸ் எடுத்தா, கிளம்புற அந்த ஒரு நொடிக்கு அஞ்சு மடங்கு, அதாவது 35 ஆம்ப்ஸ் வரைக்கும் கேக்கும். இங்கதான் வயர் கனம் முக்கியம்.

ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். வீட்டுல இருந்து வண்டிக்கு 30 மீட்டர். போக, வர 60 மீட்டர் செம்பு. கடையில கிடைக்கிற 0.75 ஸ்கொயர் ஒயர்ல அவ்வளவு தூரத்துக்கு ஒன்றரை ஓம் தடை. 35 ஆம்ப்ஸ் இழுக்குறப்ப 50 வோல்ட்டுக்கு மேல வழியிலேயே போயிடும். சாயங்காலம் எல்லா வீட்டுலயும் லோடு ஏறி, உங்க வீட்டுல வோல்டேஜ் 205 தான் இருக்குன்னு வைங்க. வண்டிக்குப் போய்ச் சேர்றது 150. மோட்டாரோட முறுக்கு விசை வோல்டேஜோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி மாறும். அப்ப 150-ல பாதி பலம் கூட இருக்காது. கம்ப்ரசர் "ம்ம்ம்"னு முனகும், சுத்தாது, ஓவர்லோடு விழும், திரும்ப முயற்சி பண்ணும். இப்படியே விடிய விடிய நடந்தா வைண்டிங் கருகிடும். அதே தூரத்துக்கு 2.5 ஸ்கொயர் போட்டா இழப்பு 17 வோல்ட்தான். வயர்ல மிச்சம் பிடிக்கிற காசைக் கம்ப்ரசர்ல கொடுக்காதீங்க.

இன்னொண்ணு, வயரைச் சுருள் சுருளா சுத்தி வச்சபடியே ஓட்டாதீங்க. 0.75 வயர்ல 7 ஆம்ப்ஸ் தொடர்ந்து போனா கிட்டத்தட்ட 75 வாட் சூடு கிளம்பும். பழைய குண்டு பல்பு ஒண்ணு சுருளுக்குள்ள எரியுற மாதிரி. பிளாஸ்டிக் உருகும். பூரா அவுத்துப் போட்டுடுங்க. 15 ஆம்ப்ஸ் பின்னை 5 ஆம்ப்ஸ் ஓட்டையில சொருக விக்கிற கன்வர்ட்டர் பிளக் இருக்கு பாருங்க, அது ஏ.சி.க்கு வேண்டவே வேண்டாம்.

அடுத்தது வீட்டுக்குள்ள. 15 ஆம்ப்ஸ் சாக்கெட் இருக்குங்கிறதால பின்னாடி அதுக்கேத்த வயர் போகுதுன்னு அர்த்தமில்ல. பழைய வீடுகள்ல லைட் லைன்லயே இழுத்து மாட்டியிருப்பாங்க. டிபி பாக்ஸ்ல அந்தப் பாயிண்டுக்குத் தனி 16 ஆம்ப்ஸ் எம்.சி.பி. இருக்கான்னு பாருங்க. "சி" வகைன்னா நல்லது. "பி" வகை ஸ்டார்ட்டிங்லயே விழும் வாய்ப்பு உண்டு. விழுதுன்னு பெரிய எம்.சி.பி. மாத்தாதீங்க. அது காப்பாத்துறது வயரை. அதே லைன்ல 2,000 வாட் ஹீட்டர் இருந்தா, அதுக்கே 9 ஆம்ப்ஸ் கிட்ட போயிடும். ரெண்டையும் சேர்த்துப் போடாதீங்க.

இப்ப சொல்லப்போறது உயிர் சம்பந்தப்பட்டது. "வண்டி ரப்பர் டயர்ல நிக்குது, ஷாக் அடிக்காது"ன்னு சொல்றவங்க நிறைய. உண்மை நேர்மாறுங்க. எர்த் இல்லாத வண்டியில பேஸ் பாடியில பட்டா, டயர் அந்தக் கரண்டைத் தரைக்குப் போக விடாது. பாடி முழுக்க 230 வோல்ட்ல அப்படியே காத்திருக்கும். உள்ள இருக்கிறவருக்கு எதுவும் தெரியாது. வெறுங்காலோட ஈரத் தரையில நின்னு கதவுப் பிடியைத் தொடுற குழந்தை வழியாத்தான் அது தரைக்குப் போகும். அதனால மூணு கோர் வயர், வண்டி பாடியோட இணைஞ்ச எர்த், வீட்டுல வேலை செய்யுற எர்த், 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்.சி.சி.பி. இது நாலும் இருக்கணும். ஆர்.சி.சி.பி.யில இருக்கிற டெஸ்ட் பட்டனை ஒரு தடவ அமுக்குங்க. விழலைன்னா அன்னைக்கு ஏ.சி. வேண்டாம், ஜன்னலைத் திறந்துட்டுப் படுங்க.

தோட்டத்து மோட்டார் ரூம்ல இருந்து இழுக்கலாமான்னும் கேக்குறாங்க. வேண்டாம். அது விவசாயத்துக்குக் கொடுத்த கரண்ட். வேற வேலைக்கு எடுக்கிறது சட்டப்படி தப்பு. மேலும் அங்க மூணு பேஸ் இருக்கும். நியூட்ரல்னு நெனச்சு இன்னொரு பேஸைத் தொட்டா 400 வோல்ட்டுக்கு மேல ஏறி, ஏ.சி. ஒரே நிமிஷத்துல போயிடும்.

புதுசா வாங்குறவங்களுக்கு ஒரு யோசனை: இன்வெர்ட்டர் ஏ.சி. வாங்குங்க. அது மெதுவா வேகம் எடுக்கிறதால அந்த 35 ஆம்ப்ஸ் அடி வராது. யார் வீட்டு வாசல்லயும் நிம்மதியா ஓட்டலாம். ராத்திரி எட்டு மணி நேரம் நிக்காம ஓடுனாலும் 1,500 வாட்டுக்கு 12 யூனிட்தான். அதுக்கான காசை விருந்து கொடுக்கிறவங்ககிட்ட மறக்காம நீட்டுங்க. வாங்க மாட்டாங்க, ஆனாலும் நீட்டுங்க.

ஏ.சி. போட்டு அரை மணி நேரம் கழிச்சு ஸ்விட்சை அணைச்சுட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்க. வெதுவெதுப்பா இருந்தா பரவாயில்ல. கை வைக்க முடியலைன்னா, அன்னைக்கு அவ்வளவுதான், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. அடுத்த எபிசோடுல பேட்டரியில ஓடுற கேபின் ஏ.சி. பத்திப் பேசலாம்.