வீவக-வில் 20 வருஷம்: லியு தாய் கெர்

ஓசூர்ல "வீடு எங்க?"ன்னு கேட்டா பல பேர் "ஹட்கோ", "ஹவுசிங் போர்டு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க. ஆனா அந்தத் தெருக்களை யார் பிளான் போட்டாங்கன்னு யாருக்கும் தெரியாது. அரசு வீட்டு வசதி அதிகாரிக்கு அப்படி ஒரு தலையெழுத்து. அதான் பேர் தெரிஞ்ச ஒருத்தரைப் பத்தி இன்னைக்குப் பேசலாம்னு நினைச்சேன்.

லியு தாய் கெர். 1938-ல மலேசியாவின் மூவார்ல பிறந்தவர். அப்பா லியு காங், சிங்கப்பூரின் முக்கியமான ஓவியர். மகன் யேல்ல நகரத் திட்டமிடல் படிச்சார், நியூயார்க்ல ஐ. எம். பே ஆபீஸ்ல வேலை பார்த்தார். 1969-ல சிங்கப்பூர் வந்து வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துல, அதாவது வீவக-வில் சேர்ந்தார். 1979-ல அதுக்குத் தலைமை நிர்வாகி. 1989 வரைக்கும் அங்கதான். இந்த 20 வருஷத்துல 5 லட்சத்துக்கும் மேல வீடுகள். 2025 ஜனவரி 18 அன்று, 86 வயசுல காலமானார்.

எண்ணிக்கையை விடுங்க. எனக்குப் பிடிச்சது வேற. ஒரு டவுன்ல லட்சம் பேரைக் குடி வச்சா யாருக்கும் யாரையும் தெரியாது இல்லையா? அதனால அவரும் அவர் குழுவும் டவுனை நெய்பர்ஹுட்டா, அதையும் சின்னச் சின்ன பிரிசிங்க்ட்டா பிரிச்சாங்க. ஒண்ணுல சுமார் 400-லேர்ந்து 800 வீடு, நடுவுல பசங்க விளையாட இடம். (பெரிய கோடை மாட்யூலா உடைக்கிற நம்ம வேலைதான்!) பிளாக்கோட கீழ்த்தளத்துல வீடு கட்டாம காலியா விடுற வழக்கமும் இருந்துச்சு. மலாய்க் கல்யாணமும் சீனர் வீட்டுத் துக்கமும் அங்கதான் நடக்கும்.

எல்லாம் இனிமையா நடந்துடலை. 1966 சட்டத்தால அரசு நிலத்தைச் சுலபமா எடுத்துக்க முடிஞ்சது. கம்பத்துல இருந்தவங்க எல்லாரும் விரும்பியா கிளம்பினாங்க? 1989-ல இன ஒதுக்கீடு வந்துச்சு. அதைக் கொண்டுவந்தப்போ துறை அமைச்சர் ஒரு தமிழர், தனபாலன். அந்த பிளாக்கில் ஒதுக்கீடு நிரம்பிட்டா இந்தியக் குடும்பம் வீட்டை விற்க ஆள் தேடணும். அந்தச் சுமை சிறுபான்மைக்குத்தான் அதிகம்னு நான் நினைக்கிறேன்.

இங்க சிப்காட்டுக்கு 1970-கள்லயே நிலம் எடுத்தாச்சு. ஒடிசாலேர்ந்தும் தருமபுரிலேர்ந்தும் வர்ற பசங்க எங்க தங்குவாங்கன்னு அதே அக்கறையோட யாராவது பேப்பர்ல வரைஞ்சாங்களா?

எங்க பில்டிங்லயும் கீழ்த்தளம் காலிதான். பைக் நிறுத்துறாங்க. எதிர் ரூம்காரர் நைட் ஷிஃப்ட். ஒரு வருஷமாச்சு, அவர் பேர் இன்னும் கேட்கலை.