சிறு வண்டியும் பெரு விரைவும்

(சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்விழாவிற் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தபொழுது, தமிழாசிரியராகிய யாம் இலக்கியப் பொருள் ஒன்றனையே எடுத்துக்கொள்வோம் என்று பலரும் எண்ணியிருத்தல் கூடும். யாம் பேச எடுத்துக்கொண்டதோ மோட்டார் சைக்கிள் பந்தயம். இஃது எமக்கும் புதிய துறையே. ஆயினும் இதனை நாடிச் சென்றது விளையாட்டாக அன்று. கடமை பற்றியே சென்றோம் என்பதை முதற்கண் தெரிவித்துக்கொள்கின்றோம்.

நம் கல்வி நிதிக்கு இவ்வாண்டு வந்த விண்ணப்பங்களுள் ஒன்று பதினொன்றாம் வகுப்பு மாணாக்கர் ஒருவர் எழுதியது. வயது பதினாறு. தமக்குப் பந்தயத் தடத்தில் வண்டி ஓட்டும் பயிற்சி பெற விருப்பம் என்றும், பயிற்சிக் கட்டணமும் காப்புடையும் சங்கம் உதவ வேண்டுமென்றும் அவர் கேட்டிருந்தார். நிதிக் குழுவில் இதனைப் படித்தபொழுது சிலர் நகைத்தனர். ஒரு பெரியவர், “சாகத் துணிந்தவனுக்குச் சங்கப் பணமா?” என்றார். மற்றொருவர், “ஆர்வம் உடையவனை ஏன் தடுக்கின்றீர்கள்? நாளை நம் பெயரை உலகறியச் செய்வான்” என்றார். இவ்விருவர்க்கும் இடையே முடிவு தோன்றாமையால், அம்மாணாக்கர் எம்மிடம் பயில்பவர் என்பது பற்றி, ஆராய்ந்து உரைக்கும் பொறுப்பை எமக்கு அளித்தனர்.

ஆராய்ந்தவற்றைக் கூறுமுன் எம் குற்றம் ஒன்றனைக் கூறல் வேண்டும். எட்டு ஆண்டுகட்கு முன்னர் எம் வகுப்பில் மாணாக்கர் ஒருவர் இருந்தார். செய்யுளை மனனஞ் செய்வதிற் பின்தங்கியவர். ஆனால் பழுதுற்ற வண்டியின் ஒலியைக் கேட்ட அளவிலேயே குறை இன்னதென்று கூறவல்லவர். ஒருநாள் தம் தாய்மாமனது 200 சி.சி. வண்டியிற் பள்ளிக்கு வந்தார். யாம் சாவியைப் பறித்தோம். வகுப்பினர் முன்னிலையிற் கடிந்தோம். மாலையில் தந்தையாரை வரவழைத்து ஒப்படைத்தோம். அத்துடன் கடமை முடிந்ததென்று அமைந்தோம். “இதனை யாரிடம் கற்றாய்?” என்று ஒரு சொல் கேட்டோமில்லை. மூன்று திங்கள் கழித்து, ஓர் இரவு, புறவழிச்சாலையில் நண்பரோடு பந்தயம் ஓட்டி, மணல் சிதறிக் கிடந்த வளைவில் வீழ்ந்தார். இடக்காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட நேர்ந்தது. மருத்துவமனையில் எம்மைக் கண்டு அவர் கூறியது இது: “ஐயா, வளைவுக்குள் புகுந்த பிறகு பிரேக் பிடித்தேன். புகுமுன்பே பிடித்திருக்க வேண்டுமென்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.”

கற்பித்தலையே தொழிலாக உடைய எம்மை அச்சொல் சுட்டது. அவர் இன்று வண்டி பழுதுபார்க்கும் கடை நடத்துகின்றார், இவ்வவையிலும் அமர்ந்துள்ளார். அவர் இசைவு பெற்றே இதனைக் கூறினோம்.

அன்பர்களே! இஃது ஒருவர் கதை மாத்திரம் அன்று. 2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று அரசாங்கத்தின் கணக்குக் கூறுகின்றது. அவர்களுள் நூற்றுக்கு நாற்பத்து நால்வருக்கு மேற்பட்டோர் இருசக்கர வண்டியிற் சென்றவர்கள். கியர் உள்ள மோட்டார் சைக்கிளைப் பொதுச் சாலையில் ஓட்டுதற்குப் பதினெட்டு வயது நிரம்பியிருத்தல் வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறுவர் வண்டியோட்டிக் குற்றம் புரியின், பெற்றோரோ வண்டிக்குரியவரோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் அடைய நேரும். பொதுச் சாலையிற் பந்தயம் ஓட்டுதலும் தண்டனைக்குரிய குற்றமே. இவையனைத்தும் இருந்தும், தேர்வில் மதிப்பெண் பெற்றான் என்று பதினாறு வயதுப் பிள்ளைக்கு 200 சி.சி. வண்டி வாங்கித் தரும் தந்தையரை நம்மிடையே காண்கின்றோம். பயிற்சிக்குப் பொருள் கேட்பவனைப் பார்த்து நகைக்கும் நாம், பயிற்சியின்றிச் சாவியைக் கொடுப்பவரைப் பார்த்து நகைப்பதில்லை.

இனி, பந்தயத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே உள்ள மான் தீவில் 1907ஆம் ஆண்டு தொடங்கிய பந்தயம், ஊர்ச் சாலைகளையே அடைத்து, வீட்டுச் சுவர்களுக்கும் விளக்குக் கம்பங்களுக்கும் இடையே நடப்பது. அங்குள்ள மலைத்தடத்தில் இதுவரை மாண்ட பந்தய வீரர் 260க்கு மேற்பட்டோர். வல்லவர்க்கும் சுவர் இடந்தராது என்பதை உணர்ந்தே, 1976க்குப் பின்னர் அத்தீவை உலகப் போட்டித் தொடரினின்று நீக்கினர். விழுந்தவன் உருண்டு சென்று தங்குதற்கு வெற்றிடம் விட்டு அமைத்த அடைப்புத் தடங்களே பின்னர்ப் பெருகின.

நம் நாட்டிலும் இவ்வாறே. 1953இற் சென்னையில் மதராஸ் மோட்டார் விளையாட்டுச் சங்கம் தோன்றியது. சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்களை நம்முள் முதியவர் சிலர் கண்டிருத்தல் கூடும். 1990இல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கிலோமீட்டர் நீளமுள்ள நிலையான தடம் திறக்கப்பெற்றது. கோயம்புத்தூரை அடுத்தும் ஒரு தடம் உண்டு. இந்திய நாட்டு மோட்டார் சைக்கிள் பந்தயத்திற்குத் தமிழகம் தாய்வீடு என்பது மிகையன்று.

இத்துறையில் யாம் கண்டு வியந்த செய்தி ஒன்று உண்டு. விரைவில் உச்சி எய்தியவர் பலரும் மிகச் சிறிய வண்டியிலேயே எழுத்தறிந்தவர்கள். ஸ்பெயின் நாட்டு ஆங்கெல் நியெத்தோ 13 உலகப் பட்டங்களைப் பெற்றார்; அவையனைத்தும் 50 சி.சி., 125 சி.சி. வண்டிகளாற் பெற்றவை. இத்தாலியின் வாலெந்தினோ ரொஸ்ஸி, பொம்மை போன்ற சிறு வண்டியில் தொடங்கி, 1997இல் 125 சி.சி. பிரிவில் முதற் பட்டம் பெற்றார். 1978 முதல் மூவாண்டு 500 சி.சி. பட்டம் வென்ற அமெரிக்கராகிய கென்னி ராபர்ட்ஸ், பின்னர் இளைஞரைப் பயிற்றியபொழுது, தம் பண்ணையின் மண்தடத்தில் 100 சி.சி. வண்டிகளையே ஏற்றி ஓடவைத்தார். 2012 முதல் உலகத் தொடரின் முதற்படியாக இருப்பதும் 250 சி.சி. அளவுள்ள ஒற்றைச் சிலிண்டர் வண்டியே. 2019இல் நம் நாட்டு இளைஞர்க்கென ஹோண்டா நிறுவனத்தார் தொடங்கிய போட்டியும் அவ்வளவுள்ள வண்டியையே கொண்டது.

இதன் காரணம் யாது? அதனை அறிய இருங்காட்டுக்கோட்டைத் தடத்திற்கு அம்மாணாக்கரோடும் அவர் அன்னையாரோடும் சென்று இரண்டு நாள் தங்கினோம். பயிற்சியாளர் முதலில் எவரையும் வண்டியில் ஏற்றவில்லை. காலை வெயிலில் தடம் முழுவதையும் நடந்தே வரச் செய்தார். ஒவ்வொரு வளைவிலும் நின்று, எங்கே பிரேக் பிடிப்பது, எங்கே திரும்புவது, எங்கே ஆக்ஸிலேட்டரைத் திறப்பது என்று கேட்டார். செய்யுளைச் சீர் பிரித்து வாசிக்கக் கற்பிப்பது எங்ஙனமோ அங்ஙனமே அஃது இருந்தது. பின்னர் டயரின் காற்றையும், சங்கிலியின் தொய்வையும், பிரேக்கையும் அவரவரே பார்க்கச் செய்தார்.

சிறிய வண்டி ஏன் என்று யாம் கேட்டபொழுது அவர் கூறியது: “ஐயா, பெரிய வண்டி பிழையை மறைக்கும், சிறிய வண்டி காட்டிக்கொடுக்கும்.” வளைவில் தவறாக நுழைந்து விரைவை இழந்தவன் 1000 சி.சி. வண்டியில் இருப்பின், நேர்வழி வந்தவுடன் கைப்பிடியைத் திருகி இழந்ததை மீட்டுக்கொள்வான். தான் பிழைத்தது அவனுக்கே தெரியாது. சிறு வண்டியில் மீட்கும் ஆற்றல் இல்லை. ஆகவே விரைவை இழவாமற் காக்கக் கற்றே தீரல் வேண்டும். சந்தியும் புணர்ச்சியும் அறியாமற் காப்பியம் பாடப் புகுந்தவன், சொற்பெருக்கால் தன் குறையை மறைப்பான். அவனையே ஒரு வெண்பா எழுதச் சொல்லுங்கள். தளை தட்டும் இடம் உடனே தெரிந்துவிடும். இதனை யாம் வகுப்பில் நாள்தோறும் காண்கின்றோம்.

எம் பழைய மாணாக்கர் விழுந்ததன் காரணமும் அங்கேதான் எமக்கு விளங்கியது. டயருக்குத் தரையின்மேல் உள்ள பிடிப்பு ஓர் எல்லைக்கு உட்பட்டது. வேகத்தைக் குறைத்தற்கும் வளைந்து செல்லுதற்கும் அஃதொன்றே கைம்முதல். ஒரு செலவில் முழுவதையும் இட்டவனுக்கு மற்றொரு செலவிற்கு இல்லை. வளைவிற் சாய்ந்து செல்லும்பொழுது பிரேக்கை வலிந்து பிடிப்பின் வண்டி வழுக்குதல் இதனாலே. மேலும், விரைவு இருமடங்காயின் நிறுத்துதற்கு வேண்டும் தொலைவு இருமடங்கு அன்று, நான்மடங்கு. 40 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 36 கிலோமீட்டர் விரைவிற் செல்பவன் ஏறத்தாழ 14 பாகை சாய்ந்தாற் போதும். 72 கிலோமீட்டரிற் செல்பவன் 45 பாகை சாய்தல் வேண்டும். புறவழிச்சாலையில் விரையும் நம் பிள்ளைகளுள் எத்துணைப் பேர் இந்தக் கணக்கை அறிவர்?

இத்துணையும் கேட்டு, தடத்திற்கு அனுப்பினால் அச்சமில்லை என்று எவரும் கருதிவிடல் ஆகாது. சிறு வண்டிக்கும் ஒரு கொடுமை உண்டு. எல்லா வண்டிகளும் ஒத்த ஆற்றல் உடையன ஆதலின், பந்தயத்தில் இளைஞர்கள் கூட்டமாக, ஒருவர் பின்னொருவர் ஒட்டியே செல்வர். ஒருவன் விழின், பின்வருபவனுக்கு விலக நேரமில்லை. 2021ஆம் ஆண்டில் மாத்திரம் ஐரோப்பியத் தடங்களிற் சிறு வண்டிப் பந்தயங்களில் 14, 15, 19 வயதினர் மூவர், விழுந்த நிலையிற் பிற வண்டிகள் மோதி இறந்தனர். அதன்பின் உலகச் சங்கத்தார் விதியை மாற்றினர். 2023 முதல் உலகத் தொடரிற் சேர்தற்குப் பொதுவாக 18 வயது நிரம்பியிருத்தல் வேண்டும் என்றனர். அதே 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், யாம் சென்று கண்ட இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலேயே, தேசியப் பந்தயமொன்றில், பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவர் ஒருவர் விழுந்து உயிர் நீத்தார். அவ்வாண்டில் பல பந்தயங்களை வென்றவர் அவர். தடமும் இருந்தது, மருத்துவரும் இருந்தனர், திறமையும் இருந்தது. ஆயினும் வயது பதின்மூன்று. அப்பிள்ளையின் பெற்றோரைக் குறை கூறும் உரிமை நமக்கு இல்லை. பாடம் கற்கும் கடமை உண்டு.

ஆகவே, முழுதும் தடுப்பாரும் தவறுகின்றனர். முந்தித் தள்ளுவாரும் தவறுகின்றனர் என்பதே எம் முடிவு. தடுத்தால் அவ்விரைவு இருளில் நெடுஞ்சாலைக்குச் செல்லும். தள்ளினாலோ, பிள்ளையின் வயதைப் பெற்றோரின் பெருமை விழுங்கிவிடும். கற்பித்தல் வேறு, களத்தில் இறக்குதல் வேறு. முன்னதற்கு இளமை ஏற்றது. பின்னதற்கு முதிர்ச்சி வேண்டும்.

சங்கத்தின் முன் யாம் வைக்கும் வேண்டுகோள் இவை: அம்மாணாக்கருக்குப் பயிற்சிக் கட்டணத்தை நிதியினின்று அளித்தல் வேண்டும். தலைக்கவசம், தோலுடை, கையுறை, காலணி ஆகியவற்றைச் சங்கமே வாங்கி, நூலகத்து நூல்போல் வைத்து, அளவு பொருந்துவார்க்கு இரவல் வழங்கல் வேண்டும். ஒரு முறை பெருவீழ்ச்சி கண்ட தலைக்கவசத்தை மீண்டும் வழங்கலாகாது. பதினெட்டு நிரம்பும்வரை அவர் பந்தயத்திற் கலவாமலும் பொதுச் சாலையில் ஓட்டாமலும் இருத்தல் வேண்டும். தாய் தந்தையர் இருவரும் கையொப்பமிடல் வேண்டும். வண்டியைச் செப்பமாக வைத்திருக்கும் பொறுப்பை, யாம் முன்னர்க் கூறிய பழைய மாணாக்கர் ஊதியமின்றி ஏற்றுக்கொண்டுள்ளார்.

இவற்றைக் கூறியபொழுது அச்சிறுவர் எம்மைப் பார்த்து, “ஐயா, அயல்நாட்டுப் பிள்ளைகள் எட்டு வயதில் தொடங்குகிறார்கள். நான் பதினெட்டு வரை பொறுத்தால் பிந்திவிடுவேனே” என்று கேட்டார். பொய் சொல்லித் தேற்ற எமக்கு மனம் வரவில்லை. “ஆம், பிந்தலாம். உலகப் பந்தயத்தை நீ எட்டாமலே போகலாம். ஆயினும் எந்த வளைவிலும் எப்பொழுது பிரேக் பிடிப்பதென்று அறிந்தவனாக வாழ்வாய்” என்றோம். அவர் சிறிது நேரம் வாளா இருந்தார். பின்னர் விண்ணப்பத்தை வாங்கி, எம் நிபந்தனைகளைத் தம் கையாலேயே அதன் அடியில் எழுதினார். அவர் அன்னையார் அதன்கீழ்க் கையொப்பமிட்டார். தந்தையாரின் கையொப்பத்திற்கு இடம் விடப்பட்டுள்ளது. அவரும் இவ்வவையில் இருக்கின்றார்.

அத்தாளைத் தலைவர் அவர்களிடம் இப்பொழுது ஒப்படைக்கின்றோம். நிதிக் குழுவினர் நகையாது படித்து முடிவு செய்வார்களாக. வீடு திரும்பும் தந்தையர் ஒவ்வொருவரும், வண்டிச் சாவி இன்றிரவு எங்கே தொங்குகின்றது என்று ஒரு முறை பார்ப்பார்களாக.