பத்து நிமிட நடை

சிறுநீரகம் செயலிழந்தவர்களில் பலர் வாரம் 3 நாள், ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம் டயாலிசிஸில் இருக்கிறார்கள். வீடு திரும்பியதும் சுருண்டு படுக்கத்தான் தோன்றும். குடிக்கும் தண்ணீருக்குக்கூட அளவு உண்டு.

சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்தம் செய்வதோடு நிற்பதில்லை. சிவப்பணுக்கள் உருவாகத் தூண்டும் எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோனையும் அதுதான் சுரக்கிறது. அது குறைந்தால் ரத்தசோகை. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். தசையும் கரையும். படுத்தே கிடந்தால் மனம் சோரும், மனம் சோர்ந்தால் எழுந்திருக்கவே பிடிக்காது.

களைப்பு, பசியின்மை, தூக்கமின்மை மூன்றும் சிறுநீரக நோயிலும் வரும், மனச்சோர்விலும் வரும். அதனால்தான் 'இந்த நோய்னா அப்படித்தான்' என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் வேதனை. மனச்சோர்வுக்குத் தனியாகச் சிகிச்சை இருக்கிறதே!

சரி, படுத்தே கிடக்காமல் கொஞ்சம் நடந்தால்? இத்தாலியில் டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2017-ல் வெளியானது. டயாலிசிஸ் இல்லாத நாட்களில், வீட்டிலேயே, பத்துப் பத்து நிமிடமாக இரண்டு முறை மெதுநடை. அவ்வளவுதான். 6 மாதத்தில் அவர்களால் முன்பைவிடக் கூடுதல் தூரம் நடக்க முடிந்தது.

உங்கள் வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருந்தால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது நடைப்பயிற்சி பற்றிக் கேளுங்கள். நோயாளியின் மனநிலையைப் பற்றியும் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.