ஓர் இரவுப் பூ

மொட்டை மாடியில், இருட்டிய பிறகு ஒரு கள்ளிச்செடி மெல்ல இதழ் விரிக்கிறது. ஒரு சாணைத் தாண்டும் வெள்ளைப் பூ. மறுநாள் வெயில் ஏறும்போது அது வாடிவிடும். அதற்குள் மகரந்தம் சேர்ந்தால்தான் டிராகன் பழம்.

தாயகமான மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளில் அந்த வேலையை வௌவால்களும் அந்துப்பூச்சிகளும் பார்த்துக்கொள்கின்றன. மாடித் தோட்டத்தில் வளர்ப்பவரே கண் விழிக்க வேண்டும். மெல்லிய தூரிகையில் மஞ்சள் நிற மகரந்தத் தூளைத் தொட்டு, பூவின் நடுவே நட்சத்திரம்போல் நீட்டிக்கொண்டிருக்கும் சூலகமுடியில் தடவினால் போதும். சில ரகங்கள் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை. அதற்காகவே பக்கத்தில் வேறு ரகம் ஒன்றும் இருப்பது நல்லது.

விதையைவிடத் தண்டு நடுவது சுலபம், காய்ப்பும் சீக்கிரம். ஓர் அடித் தண்டை வெட்டி, வெட்டுவாய் காயும்வரை சில நாள் நிழலில் வைக்க வேண்டும். நடும்போது தலைகீழாகிவிடக் கூடாது! படரும் கள்ளி என்பதால் உறுதியான கம்பமும், அதன் உச்சியில் ஒரு பழைய டயரும் தேவை. தண்டுகள் அதன்மேல் ஏறித் தொங்கும்.

கள்ளிதானே என்று அடியோடு காயவிடுவதும் தவறு. தொட்டியில் தண்ணீர் தேங்கவிடுவது அதைவிடத் தவறு, வேர் அழுகிவிடும்.

பூ உதிர்ந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் பச்சைக் காய் சிவக்கும். முழுதும் சிவந்த பிறகே பறியுங்கள். பறித்தபின் இனிப்பு ஏறாது.