காவல் மணிக்கும் ஒரு காவல்

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு ஆண்டுதோறும் இரண்டு மூன்று பயணங்கள் தவறாமல் உண்டு. பொங்கலுக்கு ஒன்று, கோடை விடுமுறைக்கு ஒன்று, குடும்பத்தில் கல்யாணம், காரியம் என்று எதிர்பாராமல் மற்றொன்று. தில்லியிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ ஊருக்குப் போய்த் திரும்பினால், பதினைந்து இருபது நாள் வீடு பூட்டிக் கிடப்பது நமக்குப் பழகிப்போன விஷயம். சொந்த ஊரானால் எதிர்வீட்டு அத்தையோ, அடுத்த தெருச் சித்தப்பாவோ மாலையில் வந்து வாசல் விளக்கை ஏற்றிவிட்டுப் போவார்கள். இங்கே பூட்டையும் அடுத்த வீட்டாரையும் நம்பியே நாம் ரயிலேறுகிறோம். அண்மைக் காலத்தில் மூன்றாவதாக ஒன்றையும் நம்பத் தொடங்கியிருக்கிறோம். அதுதான் திருட்டு எச்சரிக்கை மணி.

இந்த மணியைச் சுவரில் பொருத்திய மறுநாளே அதை மறந்துவிடுகிறோம் என்பதுதான் குறை. கூர்க்காவை நியமித்தால் மாதச் சம்பளம் கொடுக்கிறோம். அவர் உறங்குகிறாரா என்று இரவில் எட்டிப் பார்க்கிறோம். மணியை மட்டும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அதன் பலனை நாமே அநுபவித்திருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமணத்துக்காகத் தில்லி வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குச் சென்றிருந்தோம். திரும்பி வந்தபோது, சாவியை வைத்திருந்த அடுத்த வீட்டுப் பஞ்சாபிப் பெரியவர் வழக்கம்போல் தேநீர் அருந்த அழைக்கவில்லை. நாம் 'பாயி சாஹப்' என்று அழைக்கும் அவர் சாவியை நீட்டிக்கொண்டே சொன்னார்: "உங்கள் மணி மூன்று இரவுகள் அடித்தது. முதல் இரவு தடியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். இரண்டாம் இரவு பால்கனியிலிருந்து பார்த்தேன். மூன்றாம் இரவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கிவிட்டேன்." வீட்டில் ஒரு பொருளும் களவு போகவில்லை. ஆனால் நான்காம் இரவு மெய்யாகவே திருடன் வந்திருந்தால், எழுந்து வர ஒருவரும் இல்லை. ஆராய்ந்து பார்த்ததில், கூடத்தில் அசைவை அறியும் சென்ஸாரின் பின்புறம் ஒரு பல்லி குடியேறி, இரவு நேரத்தில் அதன் முகத்தின்மீது உலவி வந்தது தெரிந்தது. பல்லி மேலே விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கம் கூறும். சென்ஸாரின்மேல் ஊர்ந்தால் என்ன பலன் என்பதை நாம் அன்று அறிந்துகொண்டோம்.

மணியைப் பேணுவதற்கு அது வேலை செய்யும் முறையைச் சிறிதளவேனும் தெரிந்துகொள்வது அவசியம். மின்சாரத்தால் இயங்கும் திருட்டு மணிக்கு அமெரிக்காவில் அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் என்பவர் 1853-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். எட்வின் ஹோம்ஸ் என்பவர் 1857-இல் அவ்வுரிமையை விலைக்கு வாங்கி அதை வியாபாரமாக வளர்த்தார். கதவு அசைந்தால் மின்னோட்டம் மாறும், மாறினால் மணி அடிக்கும் என்ற அந்த அடிப்படைத் தத்துவம் இன்றும் வழக்கில் இருக்கிறது. இன்றைய கருவிகளில் கதவின்மேல் ஒரு காந்தமும், நிலையில் காந்தத்துக்கு வசப்படும் ஒரு சிறு சுவிட்சும் இருக்கும். கதவு மூடியிருக்கும்போது மின்சுற்று முழுமையாக இருக்கும், திறந்தால் அறுபடும். கம்பி அறுந்தாலும், திருகாணி தளர்ந்தாலும், சுற்று அதேபோல் அறுபடுகிறது. ஆகவே பெட்டிக்கு, கதவு திறந்ததும் கம்பி கெட்டதும் ஒன்றாகவே தோன்றலாம். பழுது பார்ப்பதற்கு இதுவே முதற் பாடம்.

மணி காரணமின்றி அடித்தால் உடனே அதை அணைத்துவிட்டு மறந்துவிடலாகாது. எந்த இடத்திலிருந்து செய்தி வந்தது என்பதைப் பெரும்பாலான பெட்டிகள் நினைவில் வைத்திருக்கும். முதலில் அதைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். வாசற்கதவு என்று காட்டினால், கையில் வேறொரு காந்தத்தை எடுத்து நிலையிலுள்ள சுவிட்சின் அருகே பிடித்துப் பார்க்கலாம். பெட்டி அமைதியடைந்தால், கதவிலுள்ள காந்தம் விலகியிருக்கிறது என்று பொருள். அமைதியடையாவிட்டால் குறை சுவிட்சிலோ கம்பியிலோ இருக்கிறது. மும்பையிலும் கொல்கத்தாவிலும் மழைக்காலத்தில் மரக்கதவுகள் ஊதிப்போவது நாம் அறிந்ததே. கதவு சரியாகச் சாத்தாமல் அரை விரற்கடை விலகி நின்றால் காந்தமும் விலகுகிறது. கடற்காற்று வீசும் இடங்களில் கம்பி முனைகளில் பச்சைக் களிம்பு ஏறும். அதைச் சுரண்டித் துடைத்துத் திருகாணியை இறுக்கினாலே பல பழுதுகள் தீர்ந்துவிடும்.

அசைவை அறியும் சென்ஸார் வேறு வகை. நம் உடலின் வெப்பம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிராக வெளிப்படுகிறது. அக்கதிர் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்வதைச் சென்ஸார் அறிகிறது. ஆகவே வெயில் படும் திரைச்சீலை, திறந்த ஜன்னல் வழியே வீசும் கோடைக் காற்று, முகத்தில் ஊரும் பூச்சி, ஒட்டடை இவையெல்லாம் அதை ஏமாற்றக்கூடும். ஜன்னலை நோக்கி அதைப் பொருத்தலாகாது. மாதம் ஒருமுறை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, கம்பி நுழையும் துளையை அடைத்துவிட்டால் பல்லிக்கும் சிலந்திக்கும் இடமிராது.

இதில் நம்மில் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. சுற்றியுள்ள அறை குளிர்ந்திருந்தால் மனித உடல் சென்ஸாருக்குத் தெளிவாகத் தெரியும். தில்லியிலும் நாகபுரியிலும் மே மாதத்தில் பூட்டிய வீட்டின் உள்வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும். அப்போது மனிதனுக்கும் சுவருக்கும் உள்ள வேற்றுமை குறைந்து, சென்ஸாரின் கூர்மையும் குறைகிறது. இதை ஈடுசெய்யும் வசதி பல புதிய கருவிகளில் இருக்கிறது. ஆயினும் கோடைப் பயணத்துக்கு அதை மட்டுமே நம்பாமல், கதவுகளிலும் ஜன்னல்களிலும் காந்தச் சுவிட்சுகளை வைத்துக்கொள்வது நலம்.

அடுத்து பாட்டரி. கம்பி வழியாக இயங்கும் பெட்டிகளில் பெரும்பாலும் 12 வோல்ட் ஈயப் பாட்டரி ஒன்று இருக்கும். மின்சாரம் நின்றாலும் மணி இயங்குவது அதனால்தான். அதன் ஆயுள் சாதாரணமாக 3 முதல் 5 ஆண்டுகள். வெப்பம் அதற்குப் பகை. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர் கணக்கு. மொட்டை மாடிக்குக் கீழுள்ள பரணில் பெட்டியை வைத்திருப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். வாங்கிய தேதியைப் பாட்டரியின்மேல் மையால் எழுதி வைப்பது நல்ல பழக்கம். சோதிப்பதும் எளிது. மின் இணைப்பை அரை மணி நேரம் நிறுத்திவிட்டு, சைரனைச் சில விநாடிகள் ஒலிக்கச் செய்து பார்க்க வேண்டும். குரல் தளர்ந்தால் பாட்டரியை மாற்றும் காலம் வந்துவிட்டது. பழைய பாட்டரியைக் குப்பையில் எறியாமல் விற்பனையாளரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். அவ்வாறு திரும்பப் பெறுவதற்கு 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகள் வழி செய்திருக்கின்றன. கம்பியில்லாக் கருவிகளில் ஒவ்வொரு சென்ஸாருக்கும் தனித்தனிச் சிறு பாட்டரி உண்டு. அது தீர்ந்துவருவதைப் பெட்டி அறிவிக்கும்போது அசட்டை செய்யலாகாது.

பெட்டியைத் திறக்குமுன் மின்சாரத்தை நிறுத்துவதும், பழுது பார்ப்பதற்குரிய நிலையில் கருவியை வைப்பதும் கட்டாயம். இல்லையேல், பெட்டியைத் திருடன்தான் உடைக்கிறான் என்று எண்ணி அது கூவத் தொடங்கும். பாட்டரியின் இரு முனைகளும் ஒன்றையொன்று தொடாதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்குமேல் உள்ள வேலையை அநுபவமுள்ள எலெக்ட்ரீஷியனிடம் விடுவதே அறிவுடைமை.

ஊருக்குப் புறப்படும் அன்று நாம் செய்யும் ஒரு பெருந் தவறைக் கூறாமலிருக்க முடியாது. மின்கசிவுக்கு அஞ்சி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் புறப்படுகிறோம். எச்சரிக்கை மணி அதன்பின் பாட்டரியிலேயே உயிர் வாழ்கிறது. ஒன்றிரண்டு நாளில், நாம் ஊரில் பாயில் படுத்துக் கதை பேசிக்கொண்டிருக்கும் வேளையில், அது ஓசையின்றி உயிர் விடுகிறது. மணிக்கென்று தனி இணைப்பு ஒன்றை எலெக்ட்ரீஷியனைக் கொண்டு அமைத்துவிட்டால், மற்ற இணைப்புகளை அணைத்துவிட்டுக் கவலையின்றிச் செல்லலாம். கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் கருவியானால், அதிலுள்ள சிம் கார்டின் கெடு பயணத்தின் நடுவே முடிந்துவிடுமா என்று பார்க்க வேண்டும். வைஃபை வழியாக அனுப்புவதானால், மின்சாரம் நின்றவுடன் வைஃபை பெட்டியும் நின்றுவிடும் என்பதை மறக்கலாகாது. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இட்டிருக்கும் 1234 போன்ற இரகசிய எண்ணை மாற்றாமல் விட்டவர்கள் இன்றே மாற்றிவிடுவது நல்லது.

இவ்வளவும் சரியாக இருந்தாலும், மணி தானே திருடனைப் பிடிப்பதில்லை. அது பிறரை அழைக்கிறது, அவ்வளவே. அழைத்தால் வருபவர் யார்? நாம் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறோம். கைப்பேசியில் செய்தி வந்தாலும் செய்யக்கூடியது அடுத்த வீட்டாருக்குப் பேசுவதுதான். ஆகவே பழுதடைந்த மணியால் நேரும் பெரிய நஷ்டம் அடுத்தவர் நம்பிக்கையை இழப்பதே ஆகும். குடியிருப்புப் பகுதிகளில் இரவு நேர ஓசை 45 டெசிபலைத் தாண்டலாகாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் கூறுகின்றன. அத்தகைய அமைதியில் நம் சைரன் விடியும்வரை அலறினால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? சில நிமிடங்களில் தானாக ஓயும்படி அதை அமைத்துவைப்பது நம் கடமை.

அந்தப் பல்லியை அப்புறப்படுத்திய பின் வந்த ஞாயிற்றுக்கிழமை பாயி சாஹபையே வீட்டுக்கு அழைத்தோம். முற்பகல் பதினொரு மணிக்குச் சோதனை என்று மாடியில் உள்ள அனைவருக்கும் முன்கூட்டியே தெரிவித்திருந்தோம். அவரையே கூடத்தில் நடக்கச் சொல்லி, மணி அடிப்பதைக் காட்டினோம். பிறகு அணைக்கும் முறையையும் காட்டினோம். செய்ய வேண்டியவற்றை ஹிந்தியில் எழுதி அவரிடம் கொடுத்தோம். மணி அடித்தால் முதலில் நமக்குப் பேசவேண்டும். கதவு உடைந்திருந்தால் உள்ளே நுழையாமல் 112 என்ற எண்ணில் காவல்துறையை அழைக்கவேண்டும் என்பவையே அதிலிருந்தவை. அச்சீட்டைத் தமிழில் எழுதிப் பயனில்லை. கொல்கத்தாவில் வங்காளியிலும், மும்பையில் மராத்தியிலும், பெங்களூரில் கன்னடத்திலும் அடுத்த வீட்டாருக்கு எது எளிதோ அதில் எழுதிக் கொடுக்கவேண்டும். பெரியவர் சீட்டைப் படித்துப் பார்த்துவிட்டு, "பல்லிக்கு என்ன செய்வது என்று எழுதவில்லையே!" என்று கேட்டுச் சிரித்தார். அன்று முதல் மாதத்தின் முதல் ஞாயிறு நம் வீட்டில் மணிச் சோதனை. அதன்பின் இரு வீட்டாருக்கும் தேநீர்.

நேயர்களே! அடுத்த பயணத்துக்குச் சீட்டு எடுத்த அன்றே பாட்டரியின் தேதியைப் பாருங்கள், காந்தத்தைப் பாருங்கள், சென்ஸாரைத் துடையுங்கள். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பாக, அடுத்த வீட்டாரின் முன்னிலையில் மணியை ஒருமுறை அடித்துக் காட்டுங்கள். அது அடித்தால் எழுந்து வருவதற்கு ஒருவர் இருக்கிறார் என்ற நிம்மதியோடு நாம் ஊருக்குப் போய் வரலாம்.